கன்டெய்னர் சீல் வெட்ட வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்தில் மீன் பதப்படுத்தும் இடமும் குளிர்பதனக் கிடங்கும் உள்ள ஊர்களுக்கெல்லாம் கதவில் சீல் (எண் போட்ட, வெட்டித்தான் திறக்க வேண்டிய ஒருமுறைப் பூட்டு) போட்ட வண்டி வந்துகொண்டுதான் இருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் ரீஃபர் (குளிர்பதனக் கன்டெய்னர்), அட்டைப்பெட்டியும் டின்னும் ஏற்றிய டிரெய்லர், வெளி மாவட்டத்து இறால் வண்டி, பண்ணைக்கு வரும் தீவன லோடு. சரக்கு எதுவானாலும் கதவு முன்னால் நடக்கும் மல்லுக்கட்டு ஒன்றுதான். கட்டர் வழுக்கும், வெட்டிய ஆணி வெளியே வராது, ஆணி வந்தாலும் கதவு வராது. அதற்குள் யாராவது ஒரு பையன் பம்பர் மேல் ஏறிக் கிரைண்டரைக் கேட்பான். அந்தக் கட்டத்துக்குப் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இது சரக்கைத் திறக்க உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் கேட்டுக்கு, உங்கள் பெயரில், ஆவணத்தோடு வந்த வண்டி என்றால் படியுங்கள். சுங்கத்துறை போட்ட சீல் என்றால் அதிகாரியின் அனுமதி இல்லாமல் கட்டரையே எடுக்க வேண்டாம். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் கீழ் வழக்கு வரைக்கும் போகும் விஷயம் அது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ரீஃபர் என்றால் கதவைத் திறக்கும் முன் குளிர் யூனிட்டை நிறுத்திவிடுங்கள். ஓடவிட்டால் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தையெல்லாம் உள்ளே இழுத்துக் குளிரூட்டும் குழாய்ச் சுருள் மேல் பனியாகக் கட்டிவிடும்.

அடுத்து எண்கள். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், பெரும்பாலும் அதை மட்டும் ஒரு கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். அதை ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். சீல் எண்ணையும் அப்படியே. போல்ட் சீல் என்பது கதவு வளையத்தில் ஓர் ஆணியை நுழைத்துக் கீழே உருளையில் பூட்டுவது. அதில் பொதுவாக ஆணித் தலையில் ஒரு எண், கீழே பூட்டும் உருளையில் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உப்பும் தூசியும் படிந்து எண் மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் படியுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். பிறகு சீலைக் கையால் கீழே இழுத்துப் பாருங்கள், திருகிப் பாருங்கள். பார்ப்பது, ஒப்பிடுவது, இழுப்பது, திருகுவது. நான்கும் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகாது.

இந்த ஒரு நிமிடத்தில்தான் டிரைவரின் அவசரம் குறுக்கே வரும். "சார், வெட்டுங்க சார், ராத்திரிக்குள்ள ஹார்பர் திரும்பணும்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாயல்குடி, வேம்பார் தாண்டித் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டியவர். "அண்ணே, நீங்களும் பக்கத்துல வந்து நம்பரைப் பாருங்க, ஒரு போட்டோ எடுத்துட்டு வெட்டிருவோம்" என்று அவரையும் கதவுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். பின்னால் சரக்கு குறைந்தது என்று பேச்சு வந்தால் அந்தப் போட்டோ அவருக்கும் காவல், நமக்கும் காவல். ஒரே படத்தில் சீல் எண்ணும் கன்டெய்னர் எண்ணும் விழுந்தால் நல்லது. விழாவிட்டால் இரண்டு படம்.

கண்ணாடி, கையுறை, காலில் ஷூ. போல்ட் சீல் அறுபடும் நொடியில் ஆணித்துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுபவரைத் தவிர மற்றவர்கள் நாலு எட்டுத் தள்ளி நிற்கட்டும். துண்டுகள் விழ, கீழே ஒரு சாக்கு விரித்துவிடுங்கள்.

அறிகுறி: கட்டரை வைத்தால் வழுக்குகிறது, அல்லது கடிக்கிறது ஆனால் அறுக்கவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். எல்லோரும் "சீல் ரொம்ப ஸ்ட்ராங்" என்பார்கள். உண்மையில் பாதிக்கு மேல் கட்டரின் பிரச்சினை, அல்லது கட்டரைப் பிடித்த விதத்தின் பிரச்சினை.

*நுனியால் கடிக்கிறீர்களா?* கட்டர் வாயின் நுனியில் ஆணியை வைத்தால் விசை பாதிகூடச் சேராது. ஆணி வாயின் உள்பக்கம், கீலுக்கு நெருக்கமாக உட்கார வேண்டும். கைப்பிடியை நன்றாக அகல விரித்து, ஆணியை உள்ளே தள்ளி, பிறகு அழுத்துங்கள். கட்டர் ஆணிக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் பல் பக்கவாட்டில் திரும்பி வாய் விரிந்துவிடும், அதோடு அந்தக் கட்டரின் ஆயுள் முடிந்தது.

*உருளையை வெட்டப் பார்க்கிறீர்களா?* போல்ட் சீலில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது தலையும் உருளையும். தடித்த பகுதி 18 மில்லிமீட்டருக்குக் குறையாது. புதிதாக வரும் பையன்கள் நேராக அதன் மேல் கட்டரை வைப்பார்கள். வெட்ட வேண்டியது நடுவில் இருக்கும் ஆணியை. பெரும்பாலும் அது 8 மில்லிமீட்டர் அளவுதான். உருளையைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். தலைக்கும் கதவு வளையத்துக்கும் நடுவே ஆணி கொஞ்சம் தெரியும். அங்கே வெட்டினால் உருளையும் ஆணியும் தன் கனத்தில் கீழே இறங்கிவிடும். தலையில் உள்ள எண்ணுக்கும் சேதம் இல்லை.

*கட்டர் சிறியதா?* கடையில் முதலில் காட்டும் 14 அங்குலம், 18 அங்குலம் எல்லாம் கம்பி வலைக்கும் சின்னப் பூட்டுக்கும் சரி. உயர் பாதுகாப்பு போல்ட் சீலுக்கு 24 அங்குலம் குறைந்தபட்சம். 36 அங்குலம் இருந்தால் ஒரே ஆள் சிரமமில்லாமல் வெட்டலாம். ஐ.எஸ்.ஓ. 17712 என்ற தரத்தில் சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: அடையாளத்துக்கு மட்டும் போடுவது, நடுத்தரம், உயர் பாதுகாப்பு. உயர் பாதுகாப்பு வகையில் 'எச்' என்ற எழுத்து அச்சாகியிருக்கும். அந்த எழுத்தைப் பார்த்ததும் பெரிய கட்டரை எடுத்துவிடுங்கள், சின்னதை வைத்துப் பழக வேண்டாம்.

*நிற்கும் இடம் சரியா?* டிரெய்லர் மேல் கன்டெய்னர் இருக்கும்போது சீல் இருக்கும் உயரம் தரையில் நிற்பவரின் தலைக்கு மேல் போய்விடும். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கட்டரில் கைபலம் இறங்காது. உறுதியான ஒரு மேடை வையுங்கள், மீன் கிரேட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறாதீர்கள். ஈரமான கிரேட் சிமென்ட் தரையில் எப்படி வழுக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

*பல் போய்விட்டதா?* கட்டரை முழுவதும் மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு பல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் வாய் சேரவில்லை. பெரும்பாலான கட்டர்களில் கீல் அருகே சரிசெய்யும் போல்ட் இருக்கும். அதைத் திருப்பினால் இடைவெளி மூடிக்கொள்ளும். பல்லின் ஓரத்தில் அரைவட்டமாகச் சின்னக் குழி விழுந்திருந்தால் பல் நொறுங்கியிருக்கிறது என்று அர்த்தம். நல்ல கட்டருக்குப் பல் மட்டும் தனியாகக் கிடைக்கும். மலிவு கட்டருக்குக் கிடைக்காது, கட்டரையே மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, இங்கே கட்டரை வெளியில் போட்டுவைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கீல் துருப்பிடித்துக் கைப்பிடி விரியவே வராது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து உள்ளே மாட்டுங்கள்.

*இத்தனைக்குப் பிறகும் அறுக்கவில்லையா?* இரும்பு அறுக்கும் ரம்பம், அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு. மெதுவாகப் போகும், ஆனால் தீப்பொறி கிடையாது. அடுத்தது பேட்டரியில் ஓடும் ஹைட்ராலிக் கட்டர். வாங்க விலை அதிகம், தினமும் பல வண்டி திறக்கும் இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும். கிரைண்டரை நான் கடைசிக்கும் கடைசியாகத்தான் சொல்வேன், ரீஃபருக்குச் சொல்லவே மாட்டேன். ரீஃபர் கதவின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை, தீப்பற்றக்கூடியது. சாதாரணக் கன்டெய்னரிலும் கதவு இடுக்கு வழியாக ஒரு பொறி உள்ளே போய் அட்டைப்பெட்டியில் விழுந்தால் உடனே தெரியாது, கொஞ்ச நேரம் கழித்துப் புகைந்துதான் தெரியும். கரி ஏற்றிய வண்டி என்றால் கிரைண்டர் என்ற பேச்சே கூடாது. நம் மாவட்டத்துச் சீமைக்கருவேலக் கரி எவ்வளவு லேசாகப் பற்றும் என்று மூட்டம் போடுபவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

அறிகுறி: திருகினால் சீல் சுற்றுகிறது

இதில் இரண்டு வகை. பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

*தலையும் உருளையும் சேர்ந்து ஒன்றாகச் சுற்றுகிறது:* வளையத்தின் ஓட்டை ஆணியைவிடப் பெரிது, அவ்வளவுதான். தவறில்லை. கட்டரால் வெட்ட இது தடை இல்லை. ரம்பத்தால் அறுக்கும்போது மட்டும் பிளேடோடு சேர்ந்து ஆணியும் ஆடும். உருளையை லாக்கிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும்.

*தலை தனியாக, உருளை தனியாகச் சுற்றுகிறது:* சில தயாரிப்புகளில் ஆணி உருளைக்குள் சுற்றும் அமைப்பே உண்டு, சிலவற்றில் சுற்றக் கூடாது. அதே நிறுவனத்தின் வெட்டாத சீல் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றும்போது மரை கழல்வதுபோல் தலை மேலே ஏறி வந்தாலோ, இழுத்தால் ஆணி உருளையிலிருந்து நகர்ந்தாலோ, பசை தடவிய தடமோ அறுத்து ஒட்டிய கோடோ தெரிந்தாலோ அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். கீழே "எண் பொருந்தவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: கட்டரை நுழைக்க இடமே இல்லை

சில கன்டெய்னர்களில் கைப்பிடி வளையத்தைச் சுற்றி இரும்புத் தட்டு மறைப்பு இருக்கும். வேறு சிலவற்றில் யாரோ நெளித்த கைப்பிடி சீலை அழுத்திக்கொண்டிருக்கும்.

முதலில் செய்ய வேண்டியது கைப்பிடியைப் பூட்டுப் பக்கமாக உள்ளே நன்றாக அழுத்துவது. ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சீலை மேலும் கீழும் ஆட்டினால் எங்காவது விரல் நுழையும் இடைவெளி வரும். மேலே வரவில்லை என்றால் சீலைக் கீழே இழுத்துப் பிடித்து, வளையத்துக்கும் உருளைக்கும் நடுவே கிடைக்கிறதா என்று பாருங்கள். வாய் மெலிந்த கட்டர், அல்லது வாய் ஒருபக்கமாகச் சாய்ந்த கட்டர் கடையில் கிடைக்கிறது. துறைமுகப் பக்கம் வேலை செய்பவர்கள் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

வளையத்தையோ கைப்பிடியையோ வெட்டுவது என்ற யோசனை யாருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். சீல் நுகர்பொருள், கன்டெய்னர் கப்பல் நிறுவனத்தின் சொத்து. சேதத்துக்கான பில் சரக்கு வாங்கியவர் தலையில்தான் வந்து விழும். அதோடு, சீலைத் தொடாமல் கைப்பிடியைக் கழற்றித் திறப்பது திருடர்களின் வேலைமுறை. நேர்மையாகத் திறந்த வண்டியும் பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அறிகுறி: வெட்டியாச்சு, ஆணி வெளியே வரவில்லை

கட்டர் ஆணியை அறுப்பதில்லை, நசுக்கித்தான் துண்டாக்குகிறது. வெட்டிய முனையை விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள். வட்டமாக இருந்த ஆணி அந்த இடத்தில் தட்டையாகி, உளி முனைபோல் அகன்று, ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை இருந்த சீல் என்றால் உறை கிழிந்து சுருண்டு முனையில் ஒட்டியிருக்கும். அந்த அகலம் வளையத்தின் ஓட்டைக்குள் நுழையாமல் நிற்கிறது. உப்புத் துருவால் ஓட்டையே சுருங்கிப்போன பழைய கன்டெய்னர்களில் இது கூடுதலாக வரும்.

*முதலில்* ஆணியைக் கால் திருப்பு திருப்பிக் கீழே இழுங்கள். தட்டையான முனை ஓட்டையின் அகலமான பக்கத்துக்கு வந்தால் சட்டென்று இறங்கிவிடும்.

*இறங்கவில்லையா?* பிளாஸ்டிக் சுருளைக் கத்தியால் சீவிவிட்டு, பிசிறை அரத்தால் நாலு இழு இழுங்கள்.

*அப்புறமும் நிற்கிறதா?* ஆணியைவிட மெலிந்த ஒரு பஞ்ச் கருவியை, அல்லது முனை தட்டிய பழைய கம்பியை வெட்டிய முனையில் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். ஆணி போக வேண்டிய திசையிலேயே தட்ட வேண்டும், பக்கவாட்டில் அடித்தால் கோணலாகி இன்னும் இறுகும்.

*துருவோடு ஒட்டியே போய்விட்டதா?* டபிள்யூ.டி-40 போன்ற எண்ணெயைத் துணியில் நனைத்துச் சுற்றிவைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். உணவுச் சரக்கு என்றால் கதவு ரப்பர் பக்கம் பீய்ச்ச வேண்டாம். மண்ணெண்ணெயும் வேண்டாம். அந்த வாடை கதவு இடுக்கில் ஏறிவிட்டால் இறால் பெட்டியில் அது போகவே போகாது, வாங்குபவர் முகர்ந்து பார்த்தே திருப்பிவிடுவார்.

இதற்கு மேல் வெல்டரைக் கூப்பிடத்தான் வேண்டும். அவரும் கேஸ் கட்டிங் போடக் கூடாது. துளை போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: கேபிள் சீல் அறுபடாமல் நார்நாராகப் பிரிகிறது

போல்ட் கட்டரால் கம்பிவடத்தை வெட்டப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். கட்டர் வாய் வடத்தைத் தட்டையாக நசுக்கும், வெளி இழைகள் வழுக்கி ஓரத்துக்குப் போகும், பாதி அறுந்து பாதி நிற்கும். வட்ட வாய் உள்ள கேபிள் கட்டர் தனியாக வாங்கி வையுங்கள். அது வடத்தை நாலாபுறமும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெட்டும். 3.2 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் வடத்துக்குக் கைக்கு அடக்கமான கட்டரே போதும்.

கேபிள் கட்டர் இருந்தும் வெட்டிய பிறகு முனை பிரிந்து விரிகிறது என்றால் அது பழுது இல்லை. சீல் வடத்தை வேண்டுமென்றே அப்படித் தயாரிக்கிறார்கள். வெட்டிவிட்டுத் திரும்ப உருளைக்குள் நுழைத்து ஏமாற்ற முடியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வெட்டும் இடத்தில் முன்கூட்டியே இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெட்டினால் இழைகள் கையில் ஏறாது. அந்த இழை தைத்த விரலோடு ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்வது என்ன வேதனை என்று நண்டுச் சதை எடுக்கும் பெண்களுக்குத் தெரியும். வெட்டிய வடத்துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. பதப்படுத்தும் கூடத்துக்குச் செருப்பில் ஒட்டிப் போய்ச் சரக்கில் கலந்தால் முழு லாட்டையும் தள்ளிவைக்க வேண்டி வரும்.

பிளாஸ்டிக் சீல், தகரப் பட்டை சீல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டிங் பிளேயர் போதும். தகரப் பட்டை கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். எண் உள்ள பகுதியை வெட்டாமல் வாலை வெட்டுங்கள்.

அறிகுறி: எண் பொருந்தவில்லை, அல்லது சீல் ஏற்கெனவே அறுந்திருக்கிறது

கருவிக்கு இங்கே வேலை இல்லை. இந்த வண்டியைத் திறக்காமல் இருப்பதுதான் வேலை. ஆனாலும் எல்லா எண் வித்தியாசமும் திருட்டு இல்லை. எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

*தட்டச்சுப் பிழையா?* ஒரே ஒரு இலக்கம் இடம் மாறியிருக்கும், 0 இருக்கும் இடத்தில் 'ஓ' எழுத்து வந்திருக்கும். அனுப்பியவரிடம் சீல் போட்டபோது எடுத்த படத்தைக் கேளுங்கள். படத்தில் இருப்பதும் கதவில் இருப்பதும் ஒன்று என்றால், திருத்திய ஆவணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வெட்டலாம். போனில் "அது சரிதான் சார், வெட்டுங்க" என்று சொன்னால் போதாது.

*வழியில் அதிகாரிகள் திறந்து பார்த்தார்களா?* சுங்கச் சோதனையில் பழைய சீலை வெட்டிப் புது சீல் போடுவது வழக்கம். அப்படியானால் அதற்கான தாளோ பதிவோ இருக்க வேண்டும். டிரைவரிடமும், சுங்க ஆவண வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டிடமும் கேளுங்கள்.

*இரண்டுமே இல்லையா?* வண்டியைக் கேட்டுக்கு உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், கேமரா பார்வையில் நிறுத்துங்கள். கதவின் நான்கு மூலை, கீல், கைப்பிடி ரிவெட், சீல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ரிவெட்டில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் தனியாக ஒரு படம். கப்பல் நிறுவனம், கிளியரிங் ஏஜென்ட், காப்பீட்டு சர்வேயர் மூவருக்கும் உடனே சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்த்த பிறகு, அவர் முன்னால் வெட்டுங்கள். ரீஃபர் சரக்கு கெட்டுவிடுமே என்ற பயம் நியாயமானது. யூனிட் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும் வரை சரக்கு தாங்கும், பிளக் பாயின்ட் கொடுத்து ஓடவிட்டுக் காத்திருங்கள். கதவைத் திறந்துவிட்ட பிறகு "சீல் அறுந்துதான் வந்தது" என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் டிரைவரைக் குற்றவாளிபோல் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பதை நான் பல கேட்டில் பார்த்திருக்கிறேன். தப்பு. இரவெல்லாம் ஓட்டி வந்தவர், முதல் சாட்சியும் அவர்தான். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எங்கெங்கே வண்டி நின்றது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சீல் போய்விட்டது, கதவு திறக்கவில்லை

*திறக்கும் வரிசை சரியா?* வலது கதவுதான் முதலில். இடது கதவின் விளிம்பை வலது கதவு மேலே மூடியிருக்கும். இடதைப் பிடித்து எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

*தரை சாய்வா?* நம் பக்கம் மணல் தரையில் ஒரு சக்கரம் ஒரு விரற்கடை புதைந்தால் போதும், பெட்டி லேசாக முறுக்கிக்கொண்டு கதவுக் கம்பியின் கொக்கி பிடியில் இறுகிவிடும். கடப்பாரையைத் தேடும் முன் வண்டியைச் சிமென்ட் தளத்துக்கு நகர்த்திப் பாருங்கள். பாதி நேரம் கதவு தானாகவே கையோடு வரும்.

*இப்போதுதான் ஒருமுறை திறந்து மூடிய ரீஃபரா?* உள்ளே புகுந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் கதவு உறிஞ்சிக்கொண்டு நிற்கும். சில நிமிடம் பொறுத்திருந்து மறுபடி இழுங்கள், விட்டுவிடும்.

*ரப்பர் ஒட்டிக்கொண்டதா, கம்பி துருப்பிடித்ததா?* உறைந்த ரப்பர் என்றால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது வழிந்து கீழே மறுபடி உறையும். கதவின் ஓரத்தைக் கைமுட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டு வாருங்கள். துரு என்றால் கைப்பிடியை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, கம்பியின் பிடிகளில் எண்ணெய் விடுங்கள். ஆடிக்காற்றில் கடலோரச் சாலையில் ஓடிய வண்டிகளில் உப்போடு மணலும் சேர்ந்து பிடிகளுக்குள் இறுகியிருக்கும். முதலில் பிரஷால் மணலைத் தட்டிவிட்டு எண்ணெய் விட வேண்டும், மாற்றிச் செய்தால் எண்ணெயும் மணலும் குழைந்து இன்னும் பிடித்துக்கொள்ளும்.

*கைப்பிடி திரும்பியதும் கதவு தானாக வெளியே தள்ளுகிறதா?* அங்கேயே நிறுத்துங்கள். சரக்கு கதவின் மேல் சாய்ந்திருக்கிறது. இரண்டு கதவும் சேரும் இடத்துக்கு அருகே வெளியில் உள்ள பூட்டுக் கம்பிகளைச் சேர்த்து ஒரு பட்டையோ சங்கிலியோ கட்டி, கதவு ஒரு சாண் மட்டும் திறக்கும் அளவு தளர்வு வைத்துத் திறந்து பாருங்கள். கதவுக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பெட்டிகள் சரிந்து நிற்பது தெரிந்தால் ஃபோர்க்லிப்ட் ஆளைக் கூப்பிடுங்கள்.

கதவில் புகையூட்டிய எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தால், அதாவது மீத்தைல் புரோமைடு அல்லது பாஸ்ஃபீன் என்று எழுதியிருந்தால், சீலையே வெட்ட வேண்டாம். வாயு வெளியேற்றியதற்கான சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அது பூச்சிக்கொல்லிப் புகையூட்டும் உரிமம் பெற்றவரின் வேலை. பாஸ்ஃபீன் தீப்பற்றும் வாயுவும்கூட. காய்கனி ஏற்றி வரும் சில ரீஃபர்களில் ஆக்சிஜனைக் குறைத்து வைத்திருப்பார்கள். எச்சரிக்கை ஸ்டிக்கர் இருந்தால் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, நன்றாகக் காற்றோடிய பிறகே ஆள் உள்ளே போக வேண்டும்.

அறிகுறி: நாமே சீல் போட்டாச்சு, மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது

தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போய்வந்த பிறகு ஏற்றுமதி நெருக்கும். அப்போதுதான் இது வரும். ஒரு பெட்டி குறைந்திருக்கும், டெம்பரேச்சர் ரெக்கார்டரை உள்ளே வைக்க மறந்திருப்பார்கள்.

*வண்டி இன்னும் நம் கேட்டுக்குள் இருக்கிறதா, சீல் எண் எங்கும் பதிவேறவில்லையா?* வெட்டுங்கள், வேலையை முடியுங்கள், புது சீல் போடுங்கள். வெட்டிய சீலின் எண்ணையும் புது எண்ணையும் பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, காரணத்தையும் எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.

*எண் ஏற்கெனவே பதிவேறிவிட்டதா?* ஏற்றுமதியாளர் தாமே சீல் வைத்து அனுப்பும் முறைக்கு 2017-ல் மின்னணு சீல் கொண்டுவந்தார்கள். அதன் எண்ணும் வண்டி எண்ணும் கணினியில் ஏறிவிடும். துறைமுகத்தில் கருவியால் படிக்கும்போது அந்தச் சீல் அறுந்தது என்று காட்டினால் பெட்டி நேராகச் சோதனைக்குப் போகும், கப்பல் தவறும். ஆகவே வெட்டும் முன் கிளியரிங் ஏஜென்ட்டைப் பிடித்து, பழைய எண்ணை நீக்கிப் புதிய எண் ஏற்றும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

*வண்டி சாலையில் போய்க்கொண்டிருக்கிறதா?* யார் சொன்னாலும் வழியில் வெட்டச் சொல்லாதீர்கள். சாயல்குடி டீக்கடை வாசலில் வெட்டிப் புது சீல் போட்ட பெட்டிக்கு எந்தச் சாட்சியும் கிடையாது. வண்டியைத் திருப்பிக் கேட்டுக்குள் கொண்டுவந்து, எண் பார்த்து, படம் எடுத்து, ஏஜென்ட் சரி என்று எழுதி அனுப்பிய பிறகு வெட்டுங்கள். வெட்டிய துண்டுகள், தலையும் உருளையும் இரண்டும், கன்டெய்னர் எண் எழுதிய ஒரு கவரில் போட்டுக் கணக்கு முடியும் வரை அலமாரியில் இருக்கட்டும்.